கவர் பாட்டை எடைபோடுவது எப்படி, புதுப் பாட்டுக்கு எத்தனை நாள் பொறுப்பது

ஒருவர் பாடி வெளியான பாட்டை இன்னொருவர் மறுபடி பாடிப் பதிவு செய்வதுதான் கவர். கவர் பாட்டைப் பற்றிப் பேச்சு எடுத்தால் அது சீக்கிரமே "ஒரிஜினல் மாதிரி வருமா?" என்ற முட்டுச்சந்தில் போய் நின்றுவிடும். ஒரிஜினல் மாதிரியே வேண்டுமென்றால் ஒரிஜினலையே போட்டுக் கேட்டுவிட்டுப் போகலாமே! கவரிடம் கேட்க வேண்டியது வேறு. எதை மாற்றினார்கள், அதற்காக எதை இழந்தார்கள், இழந்ததற்கு ஈடாக ஏதாவது கிடைத்ததா? மூன்றுக்கும் காதாலேயே விடை காணலாம். சங்கீதம் படித்திருக்க வேண்டியதில்லை. நல்ல ஹெட்போன் ஒன்று, ஃபோனில் இலவச பியானோ ஆப் ஒன்று, ஒரு தாள், முக்கால் மணி நேரம் இருந்தால் போதும்.

சத்தத்தைச் சமன் செய்யாமல் தொடங்காதீர்கள்

இரண்டு பதிவுகளை ஒப்பிடும்போது காது முதலில் ஏமாறும் இடம் இதுதான். ஒரு பாட்டை இன்னொன்றைவிட ஓரிரண்டு டெசிபெல் கூட்டி வைத்தால், "சத்தம் கூடியிருக்கிறது" என்று நமக்குத் தோன்றாது. "தெளிவாக இருக்கிறது, பேஸ் நல்லா வந்திருக்கு" என்றுதான் தோன்றும். 1980களின் சினிமாப் பாட்டுப் பதிவுகள் இன்றைய மிக்ஸைவிடச் சத்தம் குறைவானவை. ஆகவே நேற்று வந்த கவர், பாட ஆரம்பிக்கும் முன்பே ஒரு படி முன்னால் நிற்கிறது.

இரண்டையும் ஒரே தளத்தில் கேளுங்கள். ஸ்பாட்டிஃபையில் ஒலி அளவைச் சமப்படுத்தும் நார்மலைசேஷன் வசதி இருக்கிறது. பாட்டுகளை மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குத் தெரியும் சத்தத்தை அளக்கும் அலகு) என்ற அளவை ஒட்டிக் கொண்டுவரும். அது ஆனில் இருக்கட்டும். யூடியூப் சத்தம் மிகுந்த பாட்டைக் குறைக்குமே தவிர, தாழ்ந்த பாட்டை உயர்த்தாது. அங்கே பழைய பாட்டு தாழ்ந்தே ஒலிக்கும். நீங்கள்தான் கையால் ஏற்றிக்கொள்ள வேண்டும். யூடியூப் செட்டிங்கில் ஸ்டேபிள் வால்யூம் என்று ஒன்று உண்டு. மெல்லிய இடங்களையும் உரத்த இடங்களையும் ஒன்றாக நசுக்கிவிடும் என்பதால் ஒப்பிடும்போது அதை அணைத்துவிடுங்கள். ஈக்வலைஸர், டால்பி, ஸ்பேஷியல் ஆடியோ எல்லாமும் ஆஃப். சமன் செய்யும்போது டிரம்ஸை அளவுகோலாக வைக்காதீர்கள். பல்லவியின் முதல் வரியில் பாடகர் குரல் இரண்டிலும் ஒரே தூரத்தில் நிற்பதாகத் தோன்ற வேண்டும், அது போதும்.

ஃபோன் ஸ்பீக்கரில் கேட்டுத் தீர்ப்பு எழுதுவது கூடவே கூடாது. பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. ஃபோன் ஸ்பீக்கரோ 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஊமை. இளையராஜாவின் எண்பதுகளின் பாட்டுகளில் பேஸ் என்பது பின்னால் நின்று தாளம் போடும் ஆள் கிடையாது. பாடும் மெட்டுக்கு எதிராக இன்னொரு மெட்டாக ஓடும். ஒற்றை அகூஸ்டிக் கிட்டாரில் நாலு கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டு) தட்டிப் பாடும் கவரில் முதலில் காணாமல் போவது அதுதான். ஃபோனில் கேட்டால் இரண்டிலுமே பேஸ் இருக்காது, இழப்பும் தெரியாது.

இன்னொன்று, ஒரிஜினல் என்று நீங்கள் போடுவது ஒரிஜினல்தானா என்று பாருங்கள். கேசட்டிலிருந்து மாற்றி ஏற்றிய பழைய பாட்டுகள் பல, டேப்பின் வேகம் மாறியதால் அரைச் சுரம் வரை ஏறியோ இறங்கியோ இருக்கும். 8டி (ஒலி தலையைச் சுற்றுவதுபோல மாற்றியது), ரீமாஸ்டர் என்று யாரோ ஏற்றியவற்றையும் விட்டுவிட்டு, இசை நிறுவனமே வெளியிட்ட பதிவைத் தேடி எடுங்கள்.

எதை முதலில் கேட்பது

முதலில் கேட்டது எதுவோ அதுவே மனசுக்கு ஒரிஜினல். தெரியாத பாட்டென்றால் கவரை இரண்டு தடவை கேட்டுவிட்டுப் பிறகு ஒரிஜினலுக்குப் போவது நல்லது. நாம் கேட்கும் தமிழ்க் கவர்களில் பெரும்பாலானவை நமக்கு மனப்பாடமான பாட்டுகள், அங்கே இது நடக்காது. அப்போது அதே பாட்டின் மூன்றாவது வடிவம் ஒன்றை, மேடைப் பதிவோ வாத்திய வடிவமோ, நடுவில் கேளுங்கள். காது கொஞ்சம் தளர்ந்து கொடுக்கும்.

கவரின் கவர் என்ற சிக்கலையும் கவனிக்க வேண்டும். லெனார்ட் கோஹனின் 'ஹல்லேலூயா' 1984-ல் வந்தது. ஜான் கேல் 1991-ல் அதை வேறு சரணங்களோடு பியானோவில் பாடினார். 1994-ல் ஜெஃப் பக்லி எடுத்துக்கொண்டது கேலின் வடிவத்தை. உலகம் கொண்டாடுவது பக்லியை. கேலைக் கேட்காமல் பக்லியையும் கோஹனையும் மட்டும் ஒப்பிட்டு எழுதினால், கேல் செய்த வேலைக்குப் பக்லிக்கு மார்க் போட்டதாகிவிடும். இன்றைய கவர்களிலும் இது தினமும் நடக்கிறது. பிரபலமான ஒரு ரியாலிட்டி ஷோவில் ஒருவர் போட்ட சங்கதியை (அதே வரியை வேறு நெளிவோடு பாடுவது), அடுத்த ஆறு மாதம் வரும் கவர்களெல்லாம் தங்கள் சொந்தச் சரக்குபோலப் பாடும். சங்கதி பிடித்திருந்தால், அது முதலில் எங்கே வந்தது என்று தேடிவிட்டுப் பாராட்டுங்கள்.

தாளில் என்ன எழுதுவது

முதலில் நேரக் கணக்கு. ப்ரீலூட் (தொடக்க வாத்திய இசை), பல்லவி, முதல் இன்டர்லூட் (இடையில் வரும் வாத்திய இசை), முதல் சரணம், இரண்டாம் இன்டர்லூட், இரண்டாம் சரணம் என்று ஒவ்வொன்றும் எந்த நிமிடத்தில் தொடங்குகிறது என்று இரண்டு பத்திகளாகக் குறியுங்கள். நாலரை நிமிடப் பாட்டு கவரில் இரண்டரை நிமிடமாகியிருந்தால் இன்டர்லூட்டோ இரண்டாம் சரணமோ வெட்டப்பட்டிருக்கும். இன்டர்லூட் வெட்டுவது சும்மா நேரம் மிச்சப்படுத்தும் வேலை போலத் தோன்றும். ஆனால் பல பாட்டுகளில் சரணம் பல்லவியைவிட வேறு மனநிலையில் தொடங்கும். அங்கே கொண்டுபோய் விடுவது இன்டர்லூட்தான். அதை எடுத்துவிட்டால் சரணம் மொட்டையாக வந்து விழும். "ஏதோ ஒட்டவில்லை" என்று தோன்றும் கவர்களில் பாதிக்குக் காரணம் இதுதான்.

அடுத்து வேகம். கைதட்டிக்கொண்டே 15 வினாடியில் எத்தனை பீட் என்று எண்ணி நாலால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு இத்தனை பீட் என்று வந்துவிடும். 120-ல் ஓடிய பாட்டு கவரில் 80-க்கு இறங்கியிருந்தால் ஒவ்வொரு வரியும் ஒன்றரை மடங்கு நீளும். மூச்சு அதே மூச்சுதான். ஆகவே பாடகர் புது இடத்தில் மூச்சு எடுப்பார். அந்த இடம் ஒரு சொல்லின் நடுவில் விழுகிறதா என்று கவனியுங்கள். தமிழில் இதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. வேகம் குறையும்போது குறில் நெடிலாக இழுபடும். 'மலை' மாலையாகும், 'படம்' பாடமாகும். தேர்ந்த பாடகர் குறிலைக் குறிலாகவே விட்டுவிட்டு, பக்கத்து நெடிலிலோ வரியின் கடைசியிலோ இழுப்பார், இல்லாவிட்டால் மௌனத்தால் நிரப்புவார். 'அன்பிளக்டு' என்று பெயர் வைத்த மெதுவான கவர்களைச் சோதிக்க இதைவிட நல்ல வழி கிடையாது.

மூன்றாவது சுருதி. பாட்டு முடிந்ததும் மனம் தானாக இளைப்பாறும் சுரத்தை முணுமுணுத்து, பியானோ ஆப்பில் அந்தக் கீயைத் தேடுங்கள். சி என்றால் ஒரு கட்டை, டி இரண்டு, இ மூன்று, எஃப் நாலு, ஜி ஐந்து. கவரிலும் அதேபோல் தேடி, நடுவில் எத்தனை கீ என்று கறுப்பு வெள்ளை இரண்டையும் சேர்த்து எண்ணுங்கள். ஆண் பாடியதைப் பெண் பாடினால் நாலு முதல் ஏழு கீ மேலே நகர்வது இயல்பு. கச்சேரி மேடையில் ஆணுக்கு ஒரு கட்டை, பெண்ணுக்கு ஐந்து கட்டை என்ற வழக்கத்தை ஒட்டிய வித்தியாசம்தான். நகரவே இல்லையென்றால் உஷாராகுங்கள். ஒரிஜினல் ஸ்கேலில் கிடைத்த காரியோகி டிராக்கின் மேல் அப்படியே பாடியிருக்க வாய்ப்பு அதிகம். அப்போது பல்லவியின் கீழ்ச் சுரங்கள் காற்றாகப் போய்விடும், அல்லது பாடகி ஒரு ஸ்தாயி மேலே தாவிப் பாட வேண்டி வரும். காரியோகியையே மென்பொருளில் மூன்று கீக்கு மேல் ஏற்றி இறக்கியிருந்தால் தபலாவைக் கேளுங்கள். தோல் வாத்தியம்போல ஒலிக்காமல் பிளாஸ்டிக் டப்பாபோல ஒலிக்கும்.

சுருதி வசதியாக இருப்பது மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். சரணத்தின் உச்சியில் ஒரிஜினல் பாடகர் கொஞ்சம் திணறுவது போலக் கேட்கும் இடம், இசையமைப்பாளர் தெரிந்தே வைத்ததாக இருக்கலாம். ஏக்கமோ கோபமோ அந்தத் திணறலில்தான் இருக்கும். அதே சுரம் கவர் பாடுபவருக்கு நடுத்தொண்டையில் சுகமாக வந்தால், எல்லாம் சரியாகப் பாடியும் பாட்டு சப்பென்று இருக்கும். டாலி பார்ட்டன் 1974-ல் மெல்லப் பாடிய 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ'வை 1992-ல் விட்னி ஹூஸ்டன் வாத்தியமே இல்லாமல் தொடங்கி, கடைசிப் பல்லவிக்கு முன் ஒரு நொடி நிறுத்தி, ஒரு டிரம் அடியோடு சுருதியை இரண்டு கீ ஏற்றினார். அவர் குரலுக்கும் எல்லை தொடும் இடம் ஒன்று வேண்டியிருந்தது. அதைத் தேடி உருவாக்கியிருக்கிறார்கள்.

நாலாவது, சொல். ஒரு சொல்லாவது மாறியதா? இங்கேதான் கவர்கள் உண்மையில் ஜெயிக்கின்றன. 'ரெஸ்பெக்ட்' 1965-ல் ஓட்டிஸ் ரெடிங் பாடியபோது, வீடு திரும்பும் ஆண் மரியாதை கேட்கும் பாட்டு. 1967-ல் அரீதா ஃபிராங்க்ளின் பாடியபோது மரியாதை கேட்பவர் பெண்; அதோடு எல்லாருக்கும் தெரிந்த, எழுத்தெழுத்தாகச் சொல்லும் அந்த இடமே அரீதாவின் பதிவில் புதிதாகச் சேர்ந்ததுதான். நைன் இன்ச் நெயில்ஸ் குழு 1994-ல் வெளியிட்ட 'ஹர்ட்'டை, 2002-ல் எழுபது வயது ஜானி கேஷ் பாடும்போது ஒரு கெட்ட வார்த்தையை முள் என்று மாற்றினார். வரியில் இருந்த கிரீடம் முள்முடியானது, பாட்டு வேறு பாட்டானது. 2024-ல் பியான்ஸே, டாலி பார்ட்டனின் 'ஜோலீன்' பாடியபோது கெஞ்சலை எச்சரிக்கையாகத் திருப்பினார். மாற்றாமல் விடுவதும் ஒரு முடிவுதான்: டிரேஸி சாப்மனின் 1988 பாட்டான 'ஃபாஸ்ட் கார்'ஐ 2023-ல் லூக் கோம்ப்ஸ் பாடியபோது, கடையில் வேலை பார்க்கும் பெண்ணாகத் தன்னைச் சொல்லும் வரியை ஆணுக்கு மாற்றாமலே பாடினார். பாட்டு சாப்மனின் கதையாகவே இருக்கட்டும் என்ற மரியாதை அதில் தெரிகிறது. தமிழ்க் கவர்களில் 'அவன்' 'அவள்' ஆகும் இடங்களைப் பாருங்கள். அந்த ஒரு சொல் மாறியதால் எதுகையோ பக்கத்து வரியின் பொருளோ உடைந்தால், மாற்றியவர் வரியைப் படிக்கவில்லை என்று அர்த்தம்.

பெயர்க் குழப்பம் வேண்டாம்

கவர், ரீமிக்ஸ், சாம்பிள் மூன்றையும் ஒன்றாகக் குழப்பி எழுதினால் வாதமே தடம் மாறும். பழைய ஒலிப்பதிவின் துண்டே உள்ளே இருந்தால் அது சாம்பிள். பியான்ஸேயின் 2024 'பிளாக்பேர்ட்'டில் 1968-ல் பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னி வாசித்த கிட்டாரே ஒலிக்கிறது. கவரும் சாம்பிளும் ஒன்றாகச் சேர்ந்த அபூர்வம். தமிழ் சினிமா ரீமிக்ஸ் என்று அழைப்பதில் பல, புதிதாகப் பாடிப் பதிவு செய்தவை. 2007-ன் 'பொன்மகள் வந்தாள்' அப்படித்தான். 'நியூ' படத்தில் ரஹ்மான் செய்தது இன்னும் விசித்திரம். 1964-ன் 'தொட்டால் பூ மலரும்' வரிகளை வைத்துக்கொண்டு மெட்டை முழுக்க மாற்றினார். அதை எம்.எஸ்.வி.-ராமமூர்த்தி மெட்டோடு ஒப்பிடுவதைவிட, வாலியின் வரிகள் எந்த மெட்டில் எங்கே அழுத்தம் வாங்குகின்றன என்று ஒப்பிடுவது பயன் தரும்.

"காப்பி" என்று குற்றம் சாட்டும் முன் ஒரு சோதனை. ஒரே ராகம், ஒரே நாலு கார்டு சுற்று என்பதெல்லாம் சாட்சியாகாது. தொடர்ச்சியாக ஏழெட்டு சுரங்கள், அதே தாள இடைவெளியோடு, பாட்டின் முக்கியமான இடத்தில் ஒத்துப்போனால் பேசலாம்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வரி. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் சேர்ந்த 31சி பிரிவின்படி, முதல் ஒலிப்பதிவு உருவான ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு, முன்னறிவிப்பும் ராயல்டியும் கொடுத்து கவர் பதிவு செய்யலாம். ஆனால் தொழில்நுட்பத்துக்குத் தேவையான அளவைத் தாண்டிப் பாட்டை மாற்ற உரிமையாளரின் சம்மதம் வேண்டும். ரசிகனுக்கு அலுப்பூட்டும் கவர் எதுவோ, சட்டம் அதற்குத்தான் வழி விடுகிறது!

அடிக்கடி ஏமாற்றுபவை

மெதுவான சோக பியானோ. எந்தத் துள்ளல் பாட்டையும் பாதி வேகத்தில், நிறைய எக்கோவோடு, கிசுகிசுப்பாகப் பாடினால் ஆழமானதுபோல ஒரு தோற்றம் வந்துவிடும். 2010-ல் 'தி சோஷியல் நெட்வொர்க்' டிரெய்லரில் பெல்ஜியப் பெண்கள் குழு ஒன்று ரேடியோஹெட்டின் 'கிரீப்' பாடியது அற்புதமாக வேலை செய்தது. அதற்குப் பிறகு டிரெய்லர்கள் இந்த உத்தியைச் சக்கையாகப் பிழிந்துவிட்டன. சோதனை எளிது. வரிகளை மட்டும் தாளில் எழுதிப் படியுங்கள். வரியில் ஏற்கெனவே ஒரு சோகம் ஒளிந்திருந்தால் கவர் அதை வெளியே கொண்டுவந்திருக்கிறது. கேலியும் கிண்டலுமான வரியை அழுதுகொண்டு பாடியிருந்தால் அது வெறும் பூச்சு.

சுருதி திருத்தும் மென்பொருள். அது குரலைப் பக்கத்துக் கீக்கு இழுத்து ஒட்டவைக்கும். மேற்கத்திய பாப் மெட்டுக்கு அது பெரிதாகக் கெடுதல் செய்யாது. நம் மெட்டுகளில் சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவில் உள்ள வழுக்கலில்தான் உயிர் இருக்கிறது. திருத்தத்தின் வேகத்தைக் கூட்டி வைத்தால் கமகம் (சுரத்தை அசைத்துப் பாடுவது) படிக்கட்டாகிவிடும், பிருகா (வேகமாகச் சுரங்களை உருட்டிப் பாடுவது) தட்டச்சு அடித்ததுபோல் விழும். நீண்டு நிற்கும் நெடிலின் கடைசி அரை நொடியைக் கேளுங்கள். மனிதக் குரல் அங்கே லேசாகத் தளரும். தளராமல் கோடு போட்டதுபோல நின்றால் மென்பொருள் வேலை செய்திருக்கிறது. 1998-ல் ஷெர் பாடிய 'பிலீவ்' போல வேண்டுமென்றே செய்வதற்கும், மறைக்கச் செய்வதற்கும் வித்தியாசம் உண்டு; முதலாவதைக் குறையாகச் சொல்லாதீர்கள்.

'லைவ்' வீடியோ. மைக்கிலிருந்து தலை திரும்பும்போது குரல் மாறுகிறதா? மொட்டை மாடியில் பாடுகிறவர்களின் குரலில் கோயில் மண்டபத்து எதிரொலி எங்கிருந்து வந்தது? மூச்சு கேட்கிறதா? மூன்றும் சரியில்லையென்றால் ஸ்டுடியோவில் பாடி வாயசைத்தது. அதுவொன்றும் குற்றமில்லை, ஆனால் "ஒரே டேக்கில் பாடினார்" என்று புகழ வேண்டாம்.

மேஷப்பில் நேரம் வீணாக்க வேண்டியதே இல்லை. ஒரே கார்டு சுற்றில் உட்காரும் பத்துப் பல்லவிகளை ஒட்டுவது கைத்திறன். பத்துப் பாட்டும் சரணம் இல்லாமல் தொங்கும்.

புதுப் பாட்டு வந்தால்

உலக அளவில் புது ஆல்பங்கள் வெள்ளிக்கிழமை வருவது 2015 ஜூலை 10 முதல் வழக்கம். தமிழ் சினிமாவின் சிங்கிள்கள் வாரத்தின் எந்த நாளிலும் லிரிக் வீடியோவாக வந்து இறங்கும். முதல் தடவை ஃபோனைக் கவிழ்த்து வைத்துக் கேளுங்கள். லிரிக் வீடியோவில் துள்ளும் எழுத்தும் நடன அசைவும் மெட்டின் சோர்வை நன்றாகவே மறைக்கும். அன்று ஒரு தடவை, மறுநாள் ஒரு தடவை, ஒரு வாரம் இடைவெளி விட்டு ஒரு தடவை என்று மூன்று போதும்.

ஏன் வாரம் ஒன்று? மறுபடி மறுபடி எதிர்ப்படுவதாலேயே ஒன்று பிடித்துப்போகும் என்பதை உளவியலாளர் ராபர்ட் ஸயான்ஸ் 1968-லேயே சோதித்துக் காட்டினார். ரீல்ஸில் ஒரே 15 வினாடியை ஒரு வாரத்தில் நூறு தடவை கேட்கிறோம். "கேட்கக் கேட்கப் பிடிக்குது" என்பது பாட்டின் பெருமையா, பழக்கத்தின் வேலையா என்று பிரிக்க வேண்டுமானால் ரீல்ஸில் வராத பகுதியைச் சோதியுங்கள். ஏழாம் நாள், பாட்டைப் போடாமல் சரணத்தை முணுமுணுக்க முடிகிறதா? ஹூக் (திரும்பத் திரும்ப வந்து மனசில் ஒட்டும் துண்டு) மட்டும் வருகிறது, மற்றதெல்லாம் காற்று என்றால் அது பாட்டில்லை, ரிங்டோன். இப்போதைய சிங்கிள்களில் பல இந்த இடத்தில்தான் விழுகின்றன. ஸ்பாட்டிஃபையில் 30 வினாடி ஓடினால்தான் ஒரு கேட்பாகக் கணக்காகும். அதனால் ஹூக்கை முன்னால் கொண்டுவந்து வைத்துவிட்டு, பின்பாதிக்குச் சரக்கில்லாமல் அதையே திருப்பிப் போடுகிறார்கள்.

படத்துக்கான பாட்டென்றால் திரையில் பார்க்கும் வரை ஒரு பகுதித் தீர்ப்பை நிறுத்தி வைப்பது நியாயம். 2024-ல் வந்த 'கட்சி சேர', 'ஆச கூட' போன்ற தனிப்பாடல்களுக்கு அந்தச் சலுகை தேவையில்லை, அவை தம் காலிலேயே நிற்க வந்தவை.

பார்வை எண்ணிக்கையைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள். விளம்பரமாக ஓட்டிக் கிடைக்கும் பார்வைகளை 24 மணி நேர சாதனைக் கணக்கிலிருந்து யூடியூபே 2019 செப்டம்பரில் விலக்கிவிட்டது. வீடியோவின் கீழே தெரியும் மொத்த எண் வேறு கணக்கு.

எழுதும்போது

"ஃபீல் இல்ல", "சோல் மிஸ்ஸிங்" இரண்டையும் தடை செய்யுங்கள். அப்படித் தோன்றிய இடத்தின் நிமிடம், வினாடியை எழுதி, அங்கே என்ன மாறியது என்று தாளைப் பார்த்துச் சொல்லுங்கள். "2:10-ல் இரண்டாம் இன்டர்லூட்டை வெட்டியதால் சரணம் திடீரென்று ஆரம்பிக்கிறது" என்றால் படிப்பவர் தானே போய்ச் சரிபார்க்கலாம், மறுக்கவும் செய்யலாம். இழந்தது ஒன்றுக்கு ஒரு வரி, கிடைத்தது ஒன்றுக்கு ஒரு வரி, இந்தக் கவர் யாருக்குப் பிடிக்கும் என்று ஒரு வரி. ஐந்தாறு வரியில் முடிந்துவிடும்.

பாடியவர், இசையமைப்பாளர் பெயரோடு கவிஞர் பெயரையும் தவறாமல் போடுங்கள். கவர் வீடியோக்களின் விவரக் குறிப்பில் மைக் கம்பெனி பெயர்கூட இருக்கும், பாட்டு எழுதியவர் பெயர் இருக்காது. தெரியாவிட்டால் ஒரிஜினல் இசை நிறுவனத்தின் வெளியீட்டில் பாருங்கள், அங்கே கொடுத்திருப்பார்கள்.